வில்லங்கம் பார்த்தால் மட்டும் போதாது: மனை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனை வாங்குகிறவர்கள் தாய்ப்பத்திரத்தை (நிலத்தின் பழைய மூலப் பத்திரம்) வக்கீலிடம் கொடுத்து, முப்பது வருட வில்லங்கம் (அந்த நிலத்தில் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்து, "டைட்டில் கிளியர்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சோதனை அவசியம்தான். ஆனால் விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும். அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா, வாசலில் இருக்கும் பாதை யாருடையது, ஐப்பசி மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கெல்லாம் வில்லங்கச் சான்றில் பதில் கிடையாது.

பதிவானதை அங்கீகாரம் என்று எடுத்துக்கொள்வது

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார், ரிஜிஸ்ட்ரேஷன் நடந்துக்கிட்டுதான் இருக்கு." இந்த வாக்கியத்தை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ. என்கிற பெருநகர் வளர்ச்சிக் குழுமம், மற்ற இடங்களில் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம் வரைபடத்தை ஏற்க வேண்டும். உள்ளாட்சியின் இறுதி ஒப்புதல் அதற்குப் பிறகுதான்.

பதிவு எப்படி நடக்கிறது? பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு, அங்கீகாரமில்லாத மனையைப் பதிய மறுக்கச் சொல்கிறது. ஆனால் அதே மனை ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் விலக்கு உண்டு. அதனால் பல ஆண்டுகளுக்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனை இன்றைக்கும் கை மாறும். கட்டட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் கதவு சாத்தப்படும்.

20.10.2016 வரை பதிவான அங்கீகாரமற்ற மனைகளைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்த 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதில் பணம் கட்டிய ரசீது வேறு, வரன்முறை ஆணை வேறு. உங்கள் மனை எண் போட்ட ஆணையைக் கேளுங்கள். கட்டணம் பாக்கி என்றால் அதை விலையில் கழியுங்கள். நீர்நிலை, புறம்போக்கு, பூங்கா ஒதுக்கீட்டு நிலங்களுக்கு வரன்முறையே கிடையாது. புது மனைப்பிரிவாக இருந்து, பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது.

பிரசுரத்தைப் பார்த்துவிட்டு வரைபடத்தை விட்டுவிடுவது

விற்பனைக்காரர் தரும் வண்ணப் பிரசுரத்தில் பூங்கா பச்சையாக இருக்கும். ஒப்புதல் எண்ணும் முத்திரையும் உள்ள வரைபடத்தில் அதே இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடாகப் பணம் கட்ட வழி உண்டு. அதைத் தாண்டினால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். சாலைகளும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போகும். அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் தானப் பத்திரம் அதில் தெரியும். தெரியவில்லையென்றால் பூங்கா இன்னும் மனைப்பிரிவு போட்ட புரமோட்டர் பெயரிலேயே இருக்கிறது. சில வருடம் கழித்து அது "மிச்ச மனை" என்று விலைக்கு வரலாம்.

சாலையை டேப் பிடித்து அளந்துவிடுங்கள். வரைபடத்தில் 9 மீட்டர் என்றால் கல்லுக்குக் கல் 29 அடி 6 அங்குலம் வர வேண்டும், 7.2 மீட்டர் என்றால் 23 அடி 7 அங்குலம். எத்தனை உயரம் கட்டலாம் என்பதே சாலை அகலத்தைப் பொறுத்தது. மெயின் ரோட்டிலிருந்து மனைப்பிரிவுக்கு வரும் பாதையையும் விடாதீர்கள். அது தனியார் பட்டா வழியாக வந்தால், பாதை உரிமை பத்திரத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீர் போகும் வழியைத் தேடாமல் விடுவது

பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். பத்திரப் பிழையைக் கோர்ட்டில் திருத்தலாம். பள்ளத்தை அப்படித் திருத்த முடியாது.

வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணின் நில வகையைச் சொல்லும் அ-பதிவேடும், அதன் எல்லைகளை வரைந்து காட்டும் எஃப்.எம்.பி. என்கிற புலப்படமும் இலவசமாகக் கிடைக்கின்றன. அ-பதிவேட்டில் முதலில் நன்செய்யா புன்செய்யா என்று பாருங்கள். நன்செய் என்றால் அங்கே பாசனத் தண்ணீர் வந்திருக்கிறது. பெரும்பாலும் ஏதோ ஓர் ஏரியின் மதகுக்குக் கீழே, அந்த ஏரித் தண்ணீரில் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலம். ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழியாக வழியும் தண்ணீரும் அந்தச் சரிவில்தான் இறங்கும்.

அடுத்து புலப்படம். புலத்தின் குறுக்கே அல்லது ஓரமாக இரண்டு கோடுகள் இணையாக ஓடினால் அது பாதை அல்லது வாய்க்கால். சில நேரம் அதற்குத் தனி உட்பிரிவு எண்ணே இருக்கும். அந்த எண்ணை அ-பதிவேட்டில் தேடினால் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை என்று வகை தெரிந்துவிடும். உங்கள் புலத்தோடு நிறுத்தாமல், படத்தின் ஓரங்களில் எழுதியிருக்கும் பக்கத்துச் சர்வே எண்களின் படங்களையும் எடுத்து, கோடு எங்கே தொடர்கிறது என்று பாருங்கள். நேரில் அந்த இடம் தட்டையாக, செம்மண் கொட்டி, வெள்ளைக் கல் நட்டு அழகாக இருக்கும். கூகுள் எர்த்தில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய படத்தைத் திருப்பிப் பார்த்தால் கோட்டின் தடம் கிடைக்கும்.

வாய்க்காலை மண் மூடிவிடலாம். அதற்கு மேலே பெய்யும் மழை குறையாது. 2015 டிசம்பரில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதைப் பார்த்தோம்.

"மண் அடிச்சு ஏத்திக்கலாம்" என்பார்கள். கணக்குப் போடுங்கள். 30-க்கு 40 மனை 1,200 சதுர அடி. மூன்றடி ஏற்ற 3,600 கன அடி, அதாவது யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் 36 யூனிட். தண்ணீர் விட்டு இறுக்கும்போது அமுங்குவதற்குக் கால்பங்கு சேர்த்தால் 45 யூனிட். மூன்று யூனிட் லாரியில் 15 நடை. அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து, இடித்து ஏற்ற வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் இரண்டு மழைக்குள் தரை இறங்கி டைல்ஸ் விரிசல் விடும். உங்கள் மனையிலிருந்து விலகும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்குப் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மனையைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு நாள் தொடர் மழைக்கு மறுநாள் போங்கள். பக்கத்து வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில் பழைய நீர்க்கறைக் கோடு இருக்கும். அது சாலை மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டின் தளமட்டம் அதற்கு மேல் ஒன்றரை அடியாவது வேண்டும். அந்த உயரத்துக்கு மண்ணும் அடித்தளமும் போட ஆகும் செலவைச் சேர்த்த பிறகு வருவதுதான் அந்த மனையின் விலை.