'ரன்' என்று பார்த்ததும் 'ஓடு' என்று எழுதாதீர்கள்

புதிதாக மொழிபெயர்க்க வருபவர்களின் பிரதியைத் திருத்தும்போதெல்லாம் என் பழைய நோட்டைப் புரட்டுவதுபோல் இருக்கிறது. 'ரன்' ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக அந்த வினைச்சொல்லைப் பிரித்து மேய அதன் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு 9 மாதம் பிடித்தது. தேறிய பொருள்கள் 645. மூக்கு 'ஓடுகிறது' என்று எழுதுபவர்களைப் பற்றிக் கவலையில்லை. படித்துப் பார்த்தால் அவர்களே சிரித்துவிட்டுத் திருத்திவிடுவார்கள்.

பின்னால் வரும் குட்டிச் சொல்லை விழுங்குவது

இதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. தமிழிலும் படம் ஓடும், கடை ஓடும், கடிகாரம் ஓடும். ஐந்து இடத்தில் பொருந்திவிட்டால் ஆறாவது இடத்தில் அகராதியைத் தொட மாட்டோம்.

நானும் தொடவில்லை. ஜெனரேட்டர் கையேடு ஒன்று. புது எஞ்சினை 20 மணி நேரம் 'ரன் இன்' செய்யச் சொல்லியிருந்தது. 'எஞ்சினை 20 மணி நேரம் ஓட்டவும்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அச்சாகி வந்த பிறகு ஒரு மெக்கானிக் கேட்டார்: "ஏங்க, 20 மணி நேரம் பக்கத்துலயே நின்னு யாரு டீசல் ஊத்துறது?"

விஷயம் வேறு. புது எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு உரசிப் படிந்து உட்கார வேண்டும். அதுவரை முழு லோடு ஏற்றக் கூடாது. 'முதல் 20 மணி நேர ஓட்டத்தில் லோடைக் குறைத்து வையுங்கள்' என்றிருக்க வேண்டும். 'ஓட்டு' சரியாகத்தான் இருந்தது. நான் முழுங்கியது 'இன்'னை. மறு அச்சுச் செலவு என் கூலியில் கழிந்தது.

போன வாரம் வந்த ஒரு பிரதியில் பேட்டரி 'கீழே ஓடுகிறது'. 'ரன் டவுன்' என்றால் சார்ஜ் இறங்குவது. 'ரன் அவுட்' தீர்ந்துபோவது, 'ரன் இன்ட்டூ' எதிர்பாராமல் சந்திப்பது அல்லது மோதுவது. பெரிய அகராதிகளில் இவையெல்லாம் பதிவின் கடைசியில் தனியாக இருக்கும். முதல் பத்தியோடு மூடிவைப்பவர் கண்ணில் படவே படாது.

வங்கி

'ரன் ஆன் தி பேங்க்' என்றால் போட்ட பணத்தை எடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பது. ஓட்டப் பந்தயம் இல்லை.

சாயம்

ஓடாது. போகும்.

தேர்தல்

அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள், நாம் நிற்கிறோம்.