ஐபி டிப்ளமா: ஆறு பாடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஐபி டிப்ளமா (இன்டர்நேஷனல் பக்கலாரியேட் அமைப்பின் இரண்டாண்டு மேல்நிலைப் பள்ளிப் படிப்பு) சேர்ந்ததும் கையில் கிடைப்பது பாடத்தேர்வுப் படிவம். அவசரமாக நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் எவ்வளவு சுமை, பிறகு எந்தப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலேயே முடிவாகிவிடுகிறது.

ஆகவே பட்டப்படிப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள். விருப்பமான மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து, மொத்தம் எத்தனை புள்ளி, எந்தப் பாடம் ஹையர் லெவலில் (எச்.எல்., அதாவது ஆழமாகப் படிக்கும் உயர்நிலையில்) வேண்டும், அதில் எந்த மதிப்பெண் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். என்ன படிப்பது என்று இன்னும் முடிவாகவில்லையா? கணிதத்தையும் ஓர் அறிவியலையும் எச்.எல்.லில் வைத்தால் பல கதவுகள் திறந்திருக்கும். ஆனால் அவற்றில் உண்மையிலேயே ஈடுபாடு இருந்தால் மட்டும்.

பிறகு கட்டங்களை நிரப்புங்கள். முதல் மொழி, இரண்டாம் மொழி, சமூக அறிவியல் பாடம் (வரலாறு, பொருளாதாரம் போன்றவை), அறிவியல், கணிதம் ஆகிய ஐந்து பிரிவிலிருந்தும் ஒவ்வொன்று. ஆறாவது கலைப்பாடம், அது வேண்டாமென்றால் இன்னொரு அறிவியலோ சமூக அறிவியலோ மொழியோ எடுக்கலாம். மூன்று பாடங்கள் எச்.எல்., மூன்று ஸ்டாண்டர்ட் லெவல் (எஸ்.எல்.). எச்.எல்.லுக்குப் பரிந்துரைக்கப்படும் வகுப்பு நேரம் 240 மணி, எஸ்.எல்.லுக்கு 150. நான்கு எச்.எல். எடுக்கவும் விதி இடம் தருகிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மூன்றைத்தான் கேட்கின்றன. நான்காவதற்காகக் கூடுதலாக 90 மணி செலவிட்டு மற்றவற்றில் மதிப்பெண்ணை இழப்பவர்களும் உண்டு.

தாய்மொழியைப் பள்ளியில் கற்பிக்க ஆசிரியர் இல்லையென்றாலும் கைவிட வேண்டியதில்லை. பள்ளி ஆதரவுடன் சுயமாகப் படிக்கும் வழி உண்டு. இலக்கியப் பாடமாக, எஸ்.எல்.லில் மட்டும். இரண்டாம் மொழியில் 'அப் இனிஷியோ' என்பது புதிதாகத் தொடங்குவோருக்கானது, அதுவும் எஸ்.எல். மட்டுமே.

அதிகம் தவறு நடப்பது கணிதத்தில்தான். 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்' (ஏஏ), 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரிட்டேஷன்' (ஏஐ) என இரண்டு பாடங்கள், இரண்டும் இரு நிலைகளிலும் உண்டு. ஏஏ இயற்கணிதமும் நிரூபணமும் நிறைந்தது. அதன் முதல் தாளில் கால்குலேட்டர் கிடையாது. ஏஐ புள்ளியியல், மாதிரியாக்கம் சார்ந்தது. எல்லாத் தாளிலும் கால்குலேட்டர் உண்டு. ஏஐ எஸ்.எல். எளிது என்று கேள்விப்பட்டு அதை எடுத்துவிட்டு, பொறியியலுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்குச் சிக்கல் தெரிகிறது: பல பொறியியல் துறைகள் ஏஏ எச்.எல். கேட்கின்றன. உளவியல், புவியியல் பக்கம் போகிறவருக்கோ ஏஐ நல்ல தேர்வு. கணிதக் கட்டத்தை நிரப்பும் முன் பல்கலைக்கழகப் பக்கத்தில் 'ஏஏ' என்றிருக்கிறதா, 'இரண்டில் ஒன்று' என்றிருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

இனி புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் அதிகபட்சம் 7 வீதம் 42, எக்ஸ்டெண்டட் எஸ்ஸே (தனி ஆய்வுக் கட்டுரை), தியரி ஆஃப் நாலெட்ஜ் (அறிவு எப்படி உருவாகிறது என்று ஆராயும் பாடம்) இரண்டும் சேர்ந்து 3, ஆக 45. டிப்ளமாவுக்கு 24 போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது மட்டும் போதாது. எச்.எல்.லில் 4, 4, 3; எஸ்.எல்.லில் 6, 6, 5 வாங்கிய ஒருவரைப் பாருங்கள். மொத்தம் 28. ஆனாலும் டிப்ளமா கிடைக்காது, ஏனென்றால் மூன்று எச்.எல். பாடங்களில் குறைந்தது 12 வேண்டும்; இவருக்கு 11தான். எந்தப் பாடத்திலும் 1 வந்தாலோ, எஸ்ஸேயில் அல்லது தியரி ஆஃப் நாலெட்ஜில் 'ஈ' என்ற கடைநிலைத் தரம் வந்தாலோ அதே கதி. புள்ளியே இல்லாத சிஏஎஸ் (படைப்பாற்றல், உடற்பயிற்சி, சேவை) செயல்பாடுகளையும் முடித்தாக வேண்டும். எனவே பலவீனமான பாடத்தை எச்.எல்.லில் வைக்காதீர்கள்.

எக்ஸ்டெண்டட் எஸ்ஸே 4,000 சொற்கள் வரை போகும். அதை எழுதத் தாங்கும் அளவுக்கு ஆர்வமுள்ள பாடம் உங்கள் மூன்று எச்.எல்.லில் ஒன்றாக இருக்கட்டும். படிக்காத பாடத்தில் எழுதப் போனால் ஆய்வுமுறையே புதிதாகக் கற்க வேண்டிவரும்.

மாற்ற வேண்டுமென்றால் முதல் சில வாரங்களுக்குள் பள்ளியின் ஐபி ஒருங்கிணைப்பாளரிடம் பேசுங்கள். எச்.எல்.லிலிருந்து எஸ்.எல்.லுக்கு இறங்குவது பெரும்பாலும் சாத்தியம். எஸ்.எல்.லிலிருந்து ஏறுவதும் ஏஐயிலிருந்து ஏஏவுக்குப் போவதும் கடினம். விட்டுப்போன பாடப்பகுதிகளைத் தனியே படித்து ஈடுகட்ட வேண்டும். தயக்கம் இருந்தால் கடினமானதில் தொடங்குங்கள்.