காயமருந்து வாங்கும்போது விலையில் கோட்டைவிடும் இடங்கள்

அறுப்புக் காலத்தில் அரிவாள் பட்ட விரல், முக்கூடல் பக்கம் பீடி இலை நறுக்கும்போது கத்திரி கீறிய கை, காட்டுக்குப் போனால் உடைமுள். திருநெல்வேலிச் சீமையில் காயமருந்துப் புட்டி இல்லாத வீடு குறைவு. ஆனால் அதை வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது புட்டியின் விலையை மட்டும்தான். பார்க்க வேண்டியது, ஒரு தடவை காயத்துக்குப் போட என்ன செலவாகிறது என்பதை.

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். தண்ணீர் கலந்து பயன்படுத்தும் குளோரோசைலெனால் திரவம் (டெட்டால் வகை) 100 மி.லி. ₹80, அப்படியே தடவும் பொவிடோன் அயோடின் (பீட்டாடின் வகை) 100 மி.லி. ₹100. முதலாவதை ஒரு பங்குக்கு 20 பங்கு தண்ணீர் விட்டால் 2 லிட்டருக்கு மேல் வரும், மலிவோ மலிவு என்று தோன்றும். ஆனால் சிராய்ப்பைக் கழுவக் கால் லிட்டர் கரைசல் கலக்கினால் சுமார் 12 மி.லி. மருந்து போகும், கிட்டத்தட்ட ₹10. அயோடின் 2 மி.லி. போதும், ₹2. மேலும், கழுவுகிற வேலையை நல்ல தண்ணீரும் சோப்புமே செய்துவிடும்.

அடுத்த குழப்பம் லேபிளில். குளோரெக்சிடின், செட்ரிமைடு என்ற இரண்டு கிருமிநாசினிகள் கலந்த (சாவ்லான் வகை) புட்டியில் குளோரெக்சிடின் குளுக்கோனேட் கரைசல் ‘1.5% வி/வி’ (100 மி.லி.யில் இத்தனை மி.லி.) என்றிருக்கும், இன்னொன்றில் ‘0.3% டபிள்யூ/வி’ (100 மி.லி.யில் இத்தனை கிராம்) என்றிருக்கும். முதலாவது ஐந்து மடங்கு வீரியம் என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கலக்கிய அந்தக் குளுக்கோனேட் கரைசலிலேயே மருந்து 20%தான்; 1.5-இல் 20% என்றால் 0.3, ஆகவே இரண்டும் ஒன்றுதான். நிஜமாகவே ஐந்து மடங்கு வீரியமானது ‘ஆஸ்பத்திரி கான்சன்ட்ரேட்’: 7.5% வி/வி, செட்ரிமைடு 15%. அதை வீட்டுப் புட்டி அளவிலேயே ஊற்றினால் காசும் வீண், தோலும் எரியும்.

பொவிடோன் அயோடினில் 5%, 10% இரண்டும் உண்டு. 10% வாங்கினால் புண் இருமடங்கு வேகமாக ஆறிவிடாது. பிராண்டு பெயருக்காகவும் கூடக் கொடுக்க வேண்டாம்; மக்கள் மருந்தகத்திலும், 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்து இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தைராய்டு நோயாளிக்கோ பச்சைக் குழந்தைக்கோ என்றால் டாக்டரைக் கேட்காமல் அயோடின் போடக் கூடாது.

தண்ணீரும் மருந்தைக் கெடுக்கும். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து உப்பு போர்த் தண்ணீரில் குளோரெக்சிடினைக் கலந்தால் கலங்கிப் படிவு விழலாம், வீரியமும் குறையும். கொதித்து ஆறிய குடிதண்ணீரே சரி. சோப்பு நுரை மிச்சமிருந்தாலும் இதே கதிதான், நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள். குளோரோசைலெனால் தண்ணீரில் பால்போல வெளுப்பது மட்டும் அதன் இயல்பு, பயப்பட வேண்டாம்.

லிட்டர் புட்டி மலிவுதான், வருஷத்துக்கு நாலு காயம் படுகிற வீட்டுக்கு அல்ல. ஹைட்ரஜன் பெராக்சைடைத் திறந்து வெயிலில் வைத்தால் வெறும் தண்ணீராகிக்கொண்டே போகும். புண்ணில் நுரை பொங்குவதைப் பார்த்துத் தினமும் ஊற்றினால் புதிதாய் வளரும் சதையையும் அரிக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் திறந்த புண்ணுக்கு ஆகாது.

நாய் கடித்தால் மட்டும் இந்த விலைக் கணக்கே வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அயோடின் போட்டு, கட்டுப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தடுப்பூசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.