பாதிப் பேர் அறையில், பாதிப் பேர் திரையில்: கூட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வாரத்தில் இரண்டு நாள் நேரில், மற்ற நாளெல்லாம் ஆன்லைனில்" என்று பிரித்துவிட்டாலே பிரச்சினை தீர்ந்தது என்று பல குழுக்கள் நினைக்கின்றன. எனக்கு அதுவே முதல் தவறாகப் படுகிறது. வேலையைப் பார்க்காமல் கிழமையைப் பார்த்துக் கூட்டம் வைத்தால், மின்னஞ்சலில் முடிய வேண்டிய தகவலைக் கேட்க எல்லோரும் பயணம் செய்து வருவார்கள். மனம்விட்டுப் பேச வேண்டிய விஷயமோ, நெட் விட்டுவிட்டு வரும் ஒரு வீடியோ அழைப்பில் மாட்டிக்கொள்ளும்.

எதை எங்கே வைப்பது? 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதற்கு உதவுகிறது. இருவர் இருவராகச் சேர்த்துப் புது யோசனைகளைச் சொல்லச் சொன்னார்கள். வீடியோவில் பேசிய இணைகளைவிட ஒரே அறையில் உட்கார்ந்தவர்களுக்கு யோசனைகள் அதிகம் வந்தன. பார்வை திரைக்குள்ளேயே நிற்கும்போது சிந்தனையும் குறுகிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். ஆனால், வந்தவற்றில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோ இணைகள் பின்தங்கவில்லை. ஆகவே திட்டத்தைத் தொடங்கும்போது நேரில் கூடுங்கள். பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்றை முடிவுசெய்ய ஆன்லைனே போதும்.

அடுத்த தவறுதான் ஆட்களை அதிகம் காயப்படுத்துவது: ஐந்து பேர் அறையில், இரண்டு பேர் திரையில். அந்த இருவரில் ஒருவராக நான் பல மாதம் இருந்திருக்கிறேன். மேசையின் ஒரு கோடியில் ஒரே மைக். அதன் பக்கத்தில் இருப்பவர் தாளைப் புரட்டுவது பெருமழைபோலக் கேட்கும், தள்ளி இருப்பவர் பேசுவது முணுமுணுப்பாக வரும். திடீரென்று எல்லோரும் சிரிப்பார்கள், எதற்கென்று தெரியாது. யாரோ எழுந்துபோய்ப் பலகையில் எதையோ வரைவார், கேமராவில் அவர் முதுகு மட்டும் தெரியும். நாம் மியூட்டை எடுப்பதற்குள் இன்னொருவர் பேச ஆரம்பித்திருப்பார்.

இதைக் கூச்ச சுபாவம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில், ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்க ஆகும் நேரம் சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. இணையத்தில் குரல் போய்ச் சேரும் தாமதம் சில சமயம் அதையே தாண்டிவிடும். அப்புறம் எப்படி இடையில் நுழைவது?

அதனால் ஒருவர் மட்டும் திரையில் இருந்தாலும், மற்றவர்களும் அவரவர் லேப்டாப்பில் ஹெட்போனோடு இணைவது நல்லது. முடியாதென்றால், ஒவ்வொரு விஷயத்திலும் திரையில் இருப்பவரிடம் முதலில் கருத்துக் கேளுங்கள். பலகையை விட்டுவிட்டு, எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஓர் ஆவணத்தில் எழுதுங்கள்.

அழைப்பைத் துண்டித்த பிறகு, வாசலில் நின்று பேசி முடிவை மாற்றுவது இன்னொரு பழக்கம். "அது அப்பவே பேசி முடிச்சாச்சே" என்று மறுநாள் கேட்கும்போது, தொலைவில் இருப்பவருக்குத் தான் இந்தக் குழுவில் ஓர் ஆளே இல்லை என்று தோன்றிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பேச்சு அப்படியே நீண்டுவிடுகிறது. நீளட்டும். ஆனால் முடிவு மாறினால் அன்றைக்கே எல்லோருக்கும் எழுத்தில் போக வேண்டும்.

கேமராவை நாள் முழுக்க எரியவிடச் சொல்வதும் வேண்டாம். ஓயாமல் நம் முகத்தையே பார்ப்பது, பல முகங்கள் நெருக்கத்தில் நம்மை உற்றுப் பார்ப்பது, அசையாமல் ஒரே சட்டகத்துக்குள் உட்கார்வது ஆகியவை வீடியோ அழைப்பின் களைப்புக்குக் காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதினார். நம் படத்தை நம் திரையில் மட்டும் மறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

நேர மண்டலம் வேறுபட்டால், எப்போதும் அதே ஆட்களே நள்ளிரவில் கண்விழிக்கக் கூடாது. முறை மாற்றி வையுங்கள்.

கடைசியாக, புதிதாகச் சேர்ந்தவர். பத்துப் பேர் கொண்ட வீடியோ கூட்டத்தில் அவரை அறிமுகப்படுத்தி, ஒரு கைதட்டல் படத்தோடு விட்டுவிடுகிறோம். முதல் சில வாரங்களுக்குள் அவரை நேரில் சந்தியுங்கள். அதற்கு வழியில்லையென்றால், வேலைப் பட்டியல் எதுவும் இல்லாமல் அரை மணி நேரம் அவரோடு தனியாகப் பேசுங்கள். பிறகு ஏதாவது புரியாதபோது யாரைக் கேட்பது என்று அவர் தயங்க மாட்டார்.