தோள் அல்ட்ராசவுண்டில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் கிழிசல் அல்ல

தோள்வலிக்கு அல்ட்ராசவுண்ட் எழுதும் மருத்துவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள விரும்புவது, தோளின் மேற்புறத் தசையான சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண் கிழிந்திருக்கிறதா என்பதைத்தான். தவறான பதில் போவதும் இங்கேதான் அதிகம்.

லீனியர் ப்ரோபை (தோலில் வைக்கும் நேர்முனைக் கருவி) 10 முதல் 15 மெகாஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். தோள் பருமனாக இருந்தால் 7–9க்கு இறக்கலாம். ஆழம் 3–4 செ.மீ. போதும். ஃபோக்கஸ் தசைநாண் மட்டத்தில் இருக்கட்டும். நோயாளியை முதுகுச் சாய்வில்லாத சுழல் ஸ்டூலில் உட்காரவையுங்கள்.

முதலில் பைசெப்ஸ், அதாவது மேற்கையின் முன்தசை. முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்கத் தொடைமீது வைக்கச் சொல்லுங்கள். தோளின் முன்பக்கம் ப்ரோபைக் குறுக்காக வைத்தால், எலும்புப் பள்ளத்துக்குள் வெண்மையான முட்டை வடிவில் தசைநாண் தெரியும். பள்ளம் காலியாக இருந்தால் உட்பக்கம் தேடுங்கள். அங்கே நழுவியிருந்தால், தோளின் முன்பக்கத் தசைநாணான சப்ஸ்காபுலாரிஸும் கிழிந்திருக்க வாய்ப்புண்டு. பைசெப்ஸைச் சுற்றிக் கொஞ்சம் நீர் தெரிந்ததும் உறை அழற்சி என்று எழுதிவிடாதீர்கள். அந்த உறை மூட்டோடு தொடர்புடையது. மூட்டில் ஊறிய நீர் அங்கே இறங்கும். அடுத்து, முழங்கை விலாவை ஒட்டியபடி முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லி சப்ஸ்காபுலாரிஸைப் பார்த்துவிடுங்கள்.

இனி சுப்ராஸ்பைனேட்டஸ். பேன்ட்டின் பின்பாக்கெட்டில் கைவைப்பதுபோல் உள்ளங்கையை வைத்து, முழங்கையைப் பின்னோக்கித் தள்ளச் சொல்லுங்கள். தோளின் மேல்முனையான அக்ரோமியன் எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் தசைநாண் இப்போது வெளியே வரும். நீளவாக்கில் அது பறவையின் அலகுபோல் கூர்ந்து எலும்பில் ஒட்டும். குறுக்குவாக்கில் பைசெப்ஸைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து 2.5 செ.மீ. வரை பின்னால் நகருங்கள். முன்விளிம்போடு நிறுத்தினால், தேய்மானத்தால் வரும் கிழிசல்கள் பல தப்பிவிடும். அவை பெரும்பாலும் பைசெப்ஸிலிருந்து ஏறக்குறைய 15 மி.மீ. பின்னால் இருக்கின்றன.

எலும்பில் ஒட்டும் இடத்தில் நார்கள் வளைந்து இறங்கும். ஒலிக்கற்றை அவற்றில் செங்குத்தாக விழாவிட்டால், எதிரொலி ப்ரோபுக்குத் திரும்பாமல் அந்த இடம் கறுத்துவிடும். இதுதான் அனைசோட்ரோபி. சில டிகிரி சாய்வே போதும், நல்ல தசைநாணும் கிழிந்ததுபோல் காட்டும். ப்ரோபின் ஒரு முனையை மட்டும் மெதுவாக அழுத்திக் கோணத்தை மாற்றுங்கள். கறுப்பு மறைந்து நார்கள் தெரிந்தால் கிழிசல் இல்லை. கோணத்தைத் திருத்திய பிறகும் நீளவாக்கு, குறுக்குவாக்கு இரண்டிலும் அப்படியே இருந்தால் மட்டுமே கிழிசல் என்று எழுதுங்கள்.

முழுக்கிழிசல் மேற்பரப்பிலிருந்து குருத்தெலும்பு வரை போகும். தசைநாணின் மேல்விளிம்பு வெளிப்புறம் குவிந்திருக்க வேண்டும். அது தட்டையாகவோ குழிந்தோ இருந்தால் சந்தேகப்படுங்கள். கிழிசலுக்கு அடியில் குருத்தெலும்பின் மேல்கோடு பளிச்சென்று தெரிவதும் ஒரு தடயம். அகலத்தைக் குறுக்குவாக்கிலும், கிழிந்த முனை பின்வாங்கிய தூரத்தை நீளவாக்கிலும் அளவிடுங்கள்; அறுவை செய்பவருக்கு இரண்டும் வேண்டும். சுண்ணாம்புப் படிவின் அடியில் விழும் நிழலைக் கிழிசலாக எண்ணிவிடக் கூடாது.

தசைநாணுக்கு மேலிருக்கும் நீர்ப்பையான பர்சாவைப் பார்க்கும்போது ப்ரோபைப் பிடித்த உங்கள் கை லேசாக இருக்கட்டும். அழுத்தினால் நீர் ஒதுங்கிவிடும், படம் இயல்பாகத் தெரியும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் பவர் டாப்ளருக்கும் அதே விதி. அதோடு, பின்பாக்கெட் நிலையில் தசைநாண் இழுபட்டு நுண்குழாய்கள் நசுங்கும் என்பதால் நோயாளியின் கையைத் தளர்த்திவிட்டுப் பாருங்கள். பல்ஸ் ரிபெட்டிஷன் ஃப்ரீக்வென்சியை (ஒலித்துடிப்புகளை அனுப்பும் வேகம்) 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்து, நிறப்புள்ளிகள் சிதறும்வரை கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவு) ஏற்றிச் சற்றே குறையுங்கள்.

எலும்பின் உட்பகுதியும், மூட்டுக்குழியின் விளிம்பு வளையமான லேப்ரத்தின் பெரும்பகுதியும் இதில் தெரியாது; அதற்கு எம்ஆர்ஐதான். மூட்டு இறுகிப்போன ‘உறைந்த தோளில்’ தசைநாண்கள் நன்றாகவே தெரியலாம். அப்போது, மற்றவர் பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்பக்கம் திரும்ப மறுக்கிறதா என்று பாருங்கள். மறுதோளோடு ஒப்பிடலாம், ஆனால் வயதானவர்களில் வலியில்லாத தோளிலும் கிழிசல் இருப்பது அரிதல்ல. அதை இயல்பின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.