புலம்பெயர்ந்த முதியவரின் தட்டை மாற்றுவதற்கு முன்

முதுமையில் வேறொரு நாட்டுக்கு வந்து சேர்ந்த பெற்றோரின் உணவைச் சீராக்க விரும்பும் பிள்ளைகள் பெரும்பாலும் உப்பைக் குறை, இனிப்பை நிறுத்து என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் கடைக்கு யார் போகிறார், அடுப்படி யார் கையில் இருக்கிறது, செலவுக்குப் பணம் யார் தருகிறார், பகலில் உடனிருந்து உண்ண ஆள் உண்டா என்பவையே அந்தத் தட்டில் என்ன விழும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆகவே முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள்.

வேளைவாரியாகக் கவனிப்பது நல்லது. குடியேறியவர்களிடம் காலை உணவும் நொறுக்குத்தீனியும் பானங்களும் முதலில் மாறுகின்றன. முதன்மைத் தானியமும் இரவு உணவும் நெடுங்காலம் பழையபடியே நிற்கின்றன. இரவில் குடும்பத்தோடு உண்ணும் தட்டைப் பார்த்து நிறைவடைந்துவிட்டால், எல்லோரும் வேலைக்குப் போன பின் தனியே இருப்பவர் ரொட்டியும் தேநீருமாகப் பகலைக் கழிப்பது கண்ணில் படாது. "நன்றாகச் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

காரணங்களையும் அப்போதே விசாரித்துவிடலாம். பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாதது, தனியே பேருந்தில் போகத் தயங்குவது, வாழ்நாளில் சமைத்தேயிராத ஆண் மனைவியை இழந்து நிற்பது, பேரப்பிள்ளைகளுக்குப் பிடித்ததைச் சமைத்து மிச்சத்தைத் தான் உண்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று இருக்கும். "எனக்கென்று தனியாக எதுவும் வேண்டாம்" என்ற பேச்சைப் பசியின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்த வருமானமில்லாதவர் மகன், மகளுக்குச் செலவு வைக்கக் கூசுவதே பல நேரங்களில் அதன் பொருள்.

பழைய உணவே நோய்க்குக் காரணம் என்ற முடிவுக்கும் அவசரப்பட்டு வரக்கூடாது. 1960களில் தொடங்கி, ஜப்பானிலும் ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் வாழ்ந்த ஜப்பானிய ஆண்களை ஒப்பிட்ட ஆய்வில், இதய நோய் ஜப்பானில் குறைவாகவும் கலிபோர்னியாவில் மிகுதியாகவும் இருந்தது. கலிபோர்னியாவிலேயே மரபான வாழ்க்கையை விடாதவர்களிடம் அது குறைந்தே காணப்பட்டது. அதற்காகப் பழையது எல்லாமே நல்லது என்று ஆகிவிடாது. ஊரில் விருந்து நாளில் மட்டும் செய்த பண்டம், வசதி வந்ததும் அன்றாட உணவாகிவிடுவதுண்டு. காய்கறி குறைந்து, ஊரிலிருந்து வரும் உப்பிட்ட பொருள்கள் கூடுவதும் உண்டு. உலக சுகாதார அமைப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது.

மாற்றும்போது உணவின் வடிவத்தையும் மணத்தையும் விட்டுவைத்து, அளவை மட்டும் மாற்றுங்கள்: தானியம் சற்றுக் குறையட்டும், பருப்போ முட்டையோ மீனோ கூடட்டும். முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள்; 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவே சரி. குளிர்நாட்டில் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு வைட்டமின் டி குறையக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்பவருக்குக் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இவ்வளவு செய்தும், முயலாமலேயே ஆறு மாதத்தில் எடை 5 விழுக்காடு, அதாவது 60 கிலோவில் 3 கிலோ, குறைந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காமல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது நல்லது. பல்வலியையும் மலச்சிக்கலையும் பணக்கவலையையும் குழந்தையின் முன் எந்தப் பெரியவரும் சொல்லமாட்டார்.