நாய்க்கடி ஊசி மாதிரி இல்லை இது

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. அதனாலோ என்னவோ, எங்கள் நீலகிரியில் தடுப்பூசி என்றதும் பெரியவர்களுக்கு நாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். கடித்த பிறகு ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டால் பிழைத்துவிடலாம். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. கிருமிக்கு எதிராகப் பெண்பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசியையும் அப்படியே நினைத்துக்கொள்வதுதான் நான் பார்க்கிற முதல் தவறு.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போய்வரும் செவிலியர் நான். "பிள்ளை இன்னும் வயசுக்கே வரலை, அதுக்குள்ள எதுக்கு சிஸ்டர்?" என்று கேட்காத அம்மா குறைவு. அதுதான் சரியான நேரம். இந்த ஊசி கிருமி உள்ளே வராமல் தடுக்கும், வந்துவிட்டதை விரட்டாது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் உடம்பு எதிர்ப்புச் சக்தியை நன்றாக உண்டாக்கும். ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போதும். ஒன்றே போதும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லிவிட்டது. 15 வயது ஆகிவிட்டால் இங்கே வழக்கமாக மூன்று போடுகிறார்கள். "கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் கையில் இருக்கும் நல்ல காலத்தை விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது.

"எங்க பிள்ளை ஒழுக்கமானவ" என்று கோபப்படுவார்கள் சிலர். யார் ஒழுக்கத்தையும் நாங்கள் கேட்கவில்லை. உறவின்போது தோலோடு தோல் பட்டாலே பரவும் கிருமி இது. கட்டிய கணவன் ஒருவனையே அறிந்த பெண்ணுக்கும் வரும். பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் தானாகப் போய்விடும். போகாமல் தங்கிவிடுகிறவர்களுக்குத்தான் பல வருடம் கழித்துப் புற்றாக மாறலாம். அந்தப் புற்றில் நூற்றுக்கு எழுபதுக்குக் காரணம் இந்தக் கிருமியின் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான். அவை இரண்டையும் தடுக்கிற செர்வாவாக் ஊசி 2023 முதல் நம் நாட்டிலேயே தயாராகிக் கிடைக்கிறது.

குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். ஊசியில் இருப்பது கிருமியின் வெளி ஓட்டுப் புரதம் மட்டுமே. நோய் உண்டாக்க அதில் ஒன்றும் இல்லை. புற்று வந்தபின் கர்ப்பப்பையை எடுக்கிறார்களே, அப்போதுதான் தாய்மை போகிறது. ஆந்திராவிலும் குஜராத்திலும் இந்த ஊசி போட்ட ஒரு திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்ததாக 2010-இல் வந்த செய்தியை இன்றும் காட்டுகிறார்கள். அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றுதான் விசாரணையில் தெரிந்தது. ஆனால் அங்கே பல பெற்றோரிடம் முறையாக ஒப்புதல் வாங்கவில்லை. அது பெரும் தவறு. அதனால் கேள்வி கேட்கும் அம்மாவிடம் எங்களைப் போன்றவர்கள் எரிந்து விழவே கூடாது.

ஊசி போடும் நாளில் பிள்ளையைப் பட்டினியாகக் கூட்டி வராதீர்கள். காலை முதல் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி வந்து, வெறும் வயிற்றோடு ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும். இட்லியோ வர்க்கியோ சாப்பிடட்டும். போட்டபின் 15 நிமிடம் உட்கார வையுங்கள். கை வலி, லேசான காய்ச்சல், தலைவலி ஓரிரு நாளில் சரியாகும். மாதவிலக்கு நாளிலும் போடலாம். கடும் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஈஸ்ட்டோ முன்பு போட்ட ஊசியோ கடுமையாக ஒவ்வாமல் போயிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இப்போது வேண்டாம்.

கடையில் வாங்கி வைக்கிறவர்களுக்கு: "ஊட்டிக் குளிரே போதும், பிரிட்ஜ் எதுக்கு?" என்று ஜன்னலோரம் வைக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஜனவரி உறைபனியில் உறைந்துவிட்டால் மருந்து வீண். ஐஸ் கட்டியோடு ஒட்டினாற்போல் வைத்தாலும் அதே கதிதான்.

மகளுக்குப் போட்டாயிற்று என்று அம்மா தன்னை மறந்துவிடுவது இன்னொரு தவறு. 30 வயது தாண்டிய பெண்கள் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஊசி போட்டவர்களுக்கும் அந்த வயதில் அது உண்டு. வயதாகி மாதவிலக்கு அடியோடு நின்றபின் ரத்தம் பட்டால், கொழுந்து பறிக்கிற கூலி ஒரு நாள் போனாலும் பரவாயில்லை, மறுநாளே வாருங்கள்.

ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடும் குடும்பங்கள் அடுத்த ஊசியை அங்கேயே போட்டுக்கொள்ளலாம். முதல் ஊசியின் தேதியும் பெயரும் அதில் இருந்தால் போதும்.